தாப்பாயிலிருந்து கோழித் தீனிக்கு

சிலாங்கூர் மேரு பாசாரில் கோழி வாங்க வரிசையில் நின்றால் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார். "தங்கச்சி, நீங்க தீனி ஆலையில வேலை பார்த்தவங்கதானே? இந்தக் கோழிக்கெல்லாம் ஊசி போட்டுத்தான் இவ்வளவு சீக்கிரம் வளர்க்கிறாங்களாமே, உண்மையா?" கறி வெட்டும் கடைக்காரரும் கத்தியை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார். வரிசை நகர்வதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதில் என்னிடம் இல்லை. அதனால்தான் இந்த நீளமான பதிவு.

ஊசி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். ஹார்மோன் ஊசி போட்டு யாரும் கறிக்கோழி வளர்ப்பதில்லை. இருபதாயிரம் குஞ்சு நிற்கிற கொட்டகையில் ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட ஆள் வைத்தால், கோழி விற்ற காசு கூலிக்கே போய்விடும். தீனியில் கலந்தாலும் பயனில்லை. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். வயிற்றுக்குள் போனால் சோயாவோடு சேர்ந்து அதுவும் செரித்துவிடும். குஞ்சுப் பொரிப்பகத்தில் தடுப்பூசி போடுவார்கள், அது நோய்க்காக. கோழி வேகமாக வளர்வதற்குக் காரணம் தலைமுறை தலைமுறையாக நடந்த இனத் தேர்வு. கனடாவின் அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 1957-ம் ஆண்டுக் கோழி இனத்தையும் 2005-ம் ஆண்டு ராஸ் 308 இனத்தையும் ஒரே தீனி கொடுத்து ஒரே இடத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். 56-வது நாளில் பழைய இனம் 905 கிராம், புதிய இனம் 4,202 கிராம். தீனி ஒன்றுதான், வித்தியாசம் முழுவதும் கோழியின் பரம்பரையில் இருந்தது.

ஆனால் வரிசையில் நின்று கேட்கிறவர்களின் சந்தேகம் வெறும் வதந்தியில் முளைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஊசி இல்லை, மருந்து இருந்தது. தீனி மூட்டைக்குள்ளேயே இருந்தது. நோய் வந்த கோழிக்குக் கொடுக்கும் மருந்தைச் சொல்லவில்லை. நோயே வராத கோழிக்கும் முதல் நாளிலிருந்து தினமும் துளித்துளியாகக் கொடுத்த ஆண்டிபயாட்டிக்கைச் சொல்கிறேன்.

அந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் லெடர்லே ஆய்வுக்கூடம் இருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன எல்லப்பிரகட சுப்பாராவ் அங்கே ஆய்வுத் தலைவராக இருந்த காலத்தில்தான் பெஞ்சமின் டக்கர் என்பவர் மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசின் மருந்தைக் கண்டெடுத்தார். மருந்தைப் பிரித்தெடுத்த பிறகு தொட்டியில் புளித்த கூழ் மிஞ்சும். அதில் பி12 வைட்டமின் இருக்கும் என்று நினைத்துத் தாமஸ் ஜூக்ஸும் ராபர்ட் ஸ்டோக்ஸ்டாடும் 1948 கடைசியில் அதைக் கோழிக்குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பி12-க்காக ஈரல் சாறு தின்ற குஞ்சுகளைவிட இவை கூடுதலாக வளர்ந்தன. வைட்டமினையும் மிஞ்சி ஏதோ ஒன்று வேலை செய்கிறது, அது கூழில் எஞ்சியிருந்த ஆண்டிபயாட்டிக் என்று பிறகு தெரிந்தது. 1950-ல் செய்தி வெளியானது. அடுத்த சில வருடங்களிலேயே பல நாடுகளில் கோழித் தீனியில் ஆண்டிபயாட்டிக் ஏறிவிட்டது. ஆக, இன்று எந்தப் பழக்கத்தை விடுவதற்குப் புளித்த சேர்மானங்களைத் தேடுகிறோமோ, அந்தப் பழக்கமே ஒரு தொட்டிப் புளிப்பிலிருந்து வந்ததுதான்.

சிறு அளவு மருந்து கோழியை ஏன் வளர்க்கிறது? குடலில் கெட்ட கிருமிகள் பெருகினால் கோழி தின்றதில் ஒரு பங்கை அவை தின்றுவிடும். குடல் சுவர் வீங்கித் தடிக்கும். வெளியே நோய் என்று ஒன்றும் தெரியாது. எடை மட்டும் ஏறாது. மருந்து அந்தக் கிருமிகளை அடக்கி வைக்கிறது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்த குஞ்சுகளுக்குப் பென்சிலின் கொடுத்துப் பார்த்தபோது கூடுதல் வளர்ச்சி கிடைக்கவில்லை. சுத்தமான கொட்டகையில் பலன் கொஞ்சம், அழுக்குக் கொட்டகையில் பலன் அதிகம். ஈரப்படுக்கை, அமோனியா நெடி, நெரிசல், அசுத்தத் தண்ணீர் எல்லாவற்றையும் மூட்டைக்குள் இருந்த மருந்து மறைத்துக்கொண்டு வந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். நான் சொல்ல வருவது எல்லாம் இதைச் சுற்றித்தான்.

மறைத்ததற்கு விலை வேறிடத்தில் கொடுத்தோம். சிறு அளவில் தினமும் மருந்து பட்டால், சாகாத கிருமி பிழைத்து, தன் எதிர்ப்பாற்றலைப் பக்கத்துக் கிருமிக்கும் கைமாற்றும். 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் எம்சிஆர்-1 என்ற மரபணுவைப் பற்றி எழுதினார்கள். கோலிஸ்டின் மருந்தை ஒன்றும் செய்யவிடாமல் தடுக்கும் மரபணு அது. ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்குத் தாவவும் கூடியது. பிறகு மலேசியாவிலும் அது தென்பட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறெந்த மருந்துக்கும் மசியாத கிருமிக்கு டாக்டர்கள் கடைசியாக எடுப்பது கோலிஸ்டினைத்தான். அதே மருந்தைக் கோழிக்கும் பன்றிக்கும் தீனியில் போட்டுக்கொண்டிருந்தோம். கோழிக்கறியை நன்றாக வேகவைத்தால் கிருமி செத்துவிடும், சரி. கோழியைக் கழுவுகிற கை, வெட்டுகிற பலகை, கொட்டகையில் வேலை செய்கிறவர், காய்கறித் தோட்டத்துக்கு லோரியில் போகிற கோழி எரு எல்லாம் வேகவைக்கப்படுவதில்லையே.

மலேசியா 2017-ல் ஆண்டிபயாட்டிக் எதிர்ப்பாற்றலுக்கான தேசியச் செயல்திட்டத்தைக் கொண்டுவந்தது. 2019 ஜனவரி 1 முதல் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கோலிஸ்டின் கூடாது என்று தடை வந்தது. அதே ஆண்டு ஜூலையில் இந்தியாவும் தடை செய்தது. நாமக்கல், பல்லடம் பக்கம் கோழித் தொழிலில் இருக்கும் சொந்தக்காரர்கள் நம்மில் பலருக்கு உண்டு, அவர்களுக்கும் இது தெரிந்த கதை. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காக ஆண்டிபயாட்டிக் போடுவதை 2006 ஜனவரி 1-ல் முழுவதும் நிறுத்தியது. ஸ்வீடன் அதற்கு 20 வருடம் முன்பே, 1986-ல், நிறுத்திவிட்டது. டென்மார்க்கில் 1998-ல் கறிக்கோழி வளர்ப்பாளர்கள் சட்டத்துக்குக் காத்திருக்காமல் தாங்களே நிறுத்தினார்கள். கோழிகள் கொத்துக் கொத்தாகச் சாகவில்லை. ஒரு கிலோ எடைக்குத் தின்ற தீனி மட்டும் மிகச் சிறிது கூடியது. அந்த மிகச் சிறிது யார் பையிலிருந்து போகிறது என்பதைக் கடைசியில் பேசுகிறேன்.

இனிப் புளிப்புக்கு வருகிறேன்.

தோட்டத்து லயங்களில் கோழி வளர்த்த வீடுகளில் பிறந்தவர்களுக்குத் தெரியும், குஞ்சு பொரித்த தாய்க்கோழி என்ன செய்யும் என்று. மண்ணைக் கிளறி, குஞ்சுகளைக் கூப்பிட்டு, தான் கொத்தியதைக் கொத்த வைக்கும். குஞ்சுகள் தாயின் எச்சத்தையும் சேர்த்தே கொத்தும். பார்க்க அருவருப்பாக இருக்கலாம், ஆனால் குஞ்சின் குடலுக்கு முதல் குடியேற்றம் அப்படித்தான் நடக்கிறது. பொரிப்பகத்துக் குஞ்சு தாயைப் பார்ப்பதே இல்லை. சுத்தம் செய்த தட்டில் பிறந்து, பெட்டியில் ஏறி, லோரியில் கொட்டகைக்கு வருகிறது. குடல் காலி. முதலில் வந்து உட்காருவது யாரோ அவர்களுக்கே இடம். பின்லாந்தில் 1970-களின் தொடக்கத்தில் கோழிகளில் சால்மனெல்லா பரவியபோது எஸ்கோ நூர்மி என்ற ஆய்வாளர் இதைத்தான் யோசித்தார். ஆரோக்கியமான பெரிய கோழியின் குடலில் இருந்ததை எடுத்துக் குஞ்சுகளுக்குக் கொடுத்தார். சால்மனெல்லாவுக்கு இடம் கிடைக்கவில்லை. 1973-ல் நேச்சர் இதழில் அது வந்தது. நல்ல கிருமியைக் கொண்டு கெட்ட கிருமியைத் தடுக்கலாம் என்ற எண்ணத்துக்குக் கோழித் தொழிலில் அஸ்திவாரம் அதுதான்.

இன்று சந்தையில் இருப்பவற்றை எல்லாம் ஒரே பெயரில் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். உயிருள்ள நல்ல கிருமியைக் கொடுத்தால் அது புரோபயாட்டிக். ஈஸ்ட்டைப் புளிக்கவைத்து உலர்த்திப் பொடியாக்கியது ஒரு வகை. சோயாப் பிண்ணாக்கையே புளிக்கவைத்துக் கொடுப்பது இன்னொரு வகை. இந்தக் கடைசி வகையைப் புரிந்துகொள்ள மேருக்காரர்கள் எங்கும் போக வேண்டாம். இங்கே ஜாவா வம்சாவளிக் குடும்பங்கள் நிறைய இருப்பதால் தெம்பே நமக்கும் வீட்டுச் சாப்பாடு ஆகிவிட்டது. சோயா மொச்சையில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்களும், வயிற்றை உப்பவைக்கும் சர்க்கரை வகைகளும் இருக்கின்றன. பூஞ்சை படர்ந்து தெம்பே ஆகும்போது அவை குறைந்து, புரதம் சிறு துண்டுகளாக உடைகிறது. ஒரு நாள் வயதுக் குஞ்சின் குடல் அவ்வளவு பலவீனமானது. முதல் வாரத்திலேயே அது பிறந்த எடையைப்போல் நாலு மடங்குக்கு மேல் ஏற வேண்டும். பாதி செரித்து வைத்த புரதம் கிடைத்தால் அதற்குப் பெரிய உதவி. செரிக்காத புரதம் பின்குடலுக்குப் போனால் அதைத் தின்று கொழுப்பது குளோஸ்டிரிடியம் என்ற கிருமி. குடலை அரித்துப் புண்ணாக்கும் நோயைக் கொண்டுவருவது அதுதான். ஆண்டிபயாட்டிக்கை எடுத்தவுடன் பண்ணைக்காரர்கள் முதலில் பயப்படுவதும் அதற்குத்தான்.

எனக்கு மிகவும் பெருமையான வகை ஒன்று நம் பக்கத்திலேயே பிறந்தது. மேருவிலிருந்து செர்டாங் ஒரு மணி நேரப் பயணம். அங்கே புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தில் ஃபூ ஹூய் லிங், லோ தெக் சுவென் இருவரும் அவர்களுடைய மாணவர்களும் நீண்ட காலமாக லாக்டோபசில்லஸ் பிளான்டாரம் என்ற நுண்ணுயிரின் உள்ளூர் வகைகளை வைத்து வேலை செய்து வருகிறார்கள். அவற்றுள் ஒன்று, மரவள்ளிக்கிழங்கைப் புளிக்கவைத்துச் செய்யும் தாப்பாயிலிருந்து பிரித்தெடுத்தது. ஆம், ஹரி ராயாவுக்குப் பக்கத்து வீட்டு மாக்சிக் கொடுத்தனுப்புகிற அதே தாப்பாய். அவர்கள் கோழிக்குக் கொடுப்பது உயிருள்ள கிருமியைக்கூட இல்லை. புளித்த தோசை மாவிலிருந்து கிருமிகளை வடிகட்டி எறிந்துவிட்டு, அவை உண்டாக்கிய புளிப்பை மட்டும் எடுத்துக்கொள்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாற்றில் லாக்டிக் அமிலம், அசெட்டிக் அமிலம், மற்றக் கிருமிகளைத் தாக்கும் சிறு புரதங்கள் எல்லாம் இருக்கின்றன. போஸ்ட்பயாட்டிக் என்று பெயர். 2009-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் இந்தச் சாற்றுக் கலவைகளை ஆண்டிபயாட்டிக் தீனியோடும், எதுவும் சேர்க்காத தீனியோடும் வைத்து ஒப்பிட்டார்கள். எச்சத்தில் லாக்டிக் வகை நல்ல கிருமிகள் கூடின, கெட்ட வகை குறைந்தன, குடலுக்குள் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற முளைகள் உயரமாக வளர்ந்தன. 2019-ல் வந்த இன்னொரு ஆய்வில், நம் ஊர் வெயிலைப் போல நாள்தோறும் சில மணி நேரம் 36 டிகிரியில் வைத்த கோழிகளுக்கு 0.3 சதவீதம் சாறு கொடுத்து, ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற ஆண்டிபயாட்டிக் தின்ற கோழிகளோடு ஒப்பிட்டார்கள். சாறு கிடைத்தவை பின்தங்கவில்லை. ஐரோப்பியக் குளிரில் செய்த ஆய்வுகளை மட்டுமே நம்பி நாம் தீனி வாங்க வேண்டியதில்லை என்பதற்கு இந்த ஒன்று போதும். வெயிலில் கோழி இரைக்கும்போது ரத்தம் குடலைவிட்டுத் தோலுக்குப் போகிறது. குடல் சுவர் தளர்கிறது. கிருமி உள்ளே கசிகிறது. சிலாங்கூரில் இது வருடம் முழுக்க உள்ள பிரச்சினை.

உயிருள்ள கிருமியைவிட இந்தச் சாற்றில் எனக்கு அதிக நம்பிக்கை ஏன் என்றால், ஆலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தவள் நான். மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்கும் கிள்ளான் துறைமுகத்தில் கப்பலில் வந்து இறங்கும். அரைத்து, கலந்து, நீராவியில் எண்பது டிகிரி அளவுக்குச் சூடாக்கி, அச்சுத் துளை வழியாக அழுத்திக் குருணையாக்குவார்கள். அந்தச் சூட்டில் லாக்டோபசில்லஸ் பிழைப்பது அபூர்வம். வித்தாக உறங்கும் பசில்லஸ் வகைகள் தாங்கும். மற்றவை தாங்காது. மூட்டையின் மேல் கோடிக்கணக்கான நல்ல கிருமி என்று அச்சடித்திருந்தாலும், ஆய்வகத் தட்டில் வளர்த்துப் பார்த்தால் வெறும் தட்டுதான் மிஞ்சும். அமிலமும் பல சிறு புரதங்களும் சூட்டை ஓரளவு தாங்குகின்றன. இல்லாவிட்டால் குருணை ஆறிய பிறகு மேலே தெளிக்கலாம், குடிதண்ணீரில் கலக்கலாம்.

செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் இருந்துகொண்டு செம்பனைப் பிண்ணாக்கைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எண்ணெய் எடுத்த பின் செம்பனைப் பருப்பில் மிஞ்சுவதை மாட்டுத் தீனிக்காக வெளிநாட்டுக்குக் கப்பலேற்றுகிறோம். கோழிக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. நார் அதிகம், ஓட்டுத் துகள் கலந்திருக்கும். புத்ரா பல்கலைக்கழகத்தில் இதையும் பேனிபசில்லஸ் பாலிமிக்சா என்ற பாக்டீரியாவைக் கொண்டு புளிக்கவைத்துப் பார்த்தார்கள். தீனியில் 15 சதவீதம் வரை சேர்க்கலாம் என்று 2016-ல் எழுதினார்கள். அமெரிக்காவிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் வரும் தானியத்தை நம்பிக் கோழி வளர்க்கிற நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி!

ஆனால் இதே இடத்தில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. கோலிஸ்டின் மருந்தைக் கொடுத்ததும் இதே பாலிமிக்சா இனத்தைச் சேர்ந்த ஒரு வகைதான், ஜப்பானில் கண்டெடுத்தார்கள். அதனால் அந்தப் பிண்ணாக்கு கெட்டது என்று அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். புளித்தது என்ற ஒரே காரணத்தால் எதுவும் நல்லதாகிவிடாது என்றுதான் அர்த்தம். எந்த வகைக் கிருமி, அது என்னென்ன உண்டாக்குகிறது, தாவக்கூடிய எதிர்ப்பு மரபணு அதற்குள் இருக்கிறதா என்று மரபணு வரிசையைப் படித்துப் பார்த்த பிறகே தீனிக்குள் விட வேண்டும். ஐரோப்பாவில் அப்படித்தான் அனுமதி தருகிறார்கள். சர்க்கரைப் பாகும் அன்னாசித் தோலும் தயிரும் போட்டுப் பீப்பாயில் ஊறவைத்துக் கோழிக்கு ஊற்றுகிற நண்பர்களுக்கும் இதையே சொல்வேன். நாலு நாட்டுக்கோழிக்குப் பரவாயில்லை. கொட்டகை முழுக்க ஊற்றாதீர்கள். பூஞ்சை நஞ்சு ஒன்று பீப்பாயில் வந்துவிட்டால் கோழியின் ஈரலைக் கெடுக்கும், அடுத்த நாள் சரிசெய்ய முடியாது. ஈரத் தீனி சிந்தினால் படுக்கை நனையும், நனைந்த படுக்கையில் ரத்தக்கழிச்சல் கிருமி பெருகும்.

ரத்தக்கழிச்சலைச் சொன்னதால் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அந்த நோய்க்காகத் தீனியில் சேர்க்கிற சாலினோமைசின், மோனென்சின் போன்றவற்றை அமெரிக்காவில் ஆண்டிபயாட்டிக் என்று எண்ணுகிறார்கள், ஐரோப்பாவில் தீனிச் சேர்மானம் என்று எண்ணுகிறார்கள். ஆகவே பொட்டலத்தின் மேல் 'ஆண்டிபயாட்டிக் இல்லாதது' என்று பார்த்தால், எந்தக் கணக்குப்படி என்று கேட்கலாம்.

என் பெரியப்பா மகன் கோலசிலாங்கூர் பக்கம் கறிக்கோழி வளர்க்கிறார். ஒப்பந்தப் பண்ணை. குஞ்சும் தீனியும் மருந்தும் கம்பெனி கொடுக்கும். கொட்டகை, மின்சாரம், தண்ணீர், உழைப்பு இவருடையது. இந்தப் பதிவு எழுதும் முன் அவரிடம் நீண்ட நேரம் பேசினேன்.

"மூட்டையில என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா அண்ணே?"

"கம்பெனி அனுப்புறதைக் கொட்டுறேன்மா. பேர் சொல்லமாட்டாங்க, நம்பர்தான் இருக்கும்."

"மருந்தில்லாத தீனி வந்தா வளர்ப்பியா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. கொட்டகைக்குள் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். படுக்கையிலிருந்து ஒரு கைப்பிடி மரத்தூள் எடுத்துப் பிசைந்து காட்டினார். உதிர்ந்தது. "இது கட்டியா ஒட்டுச்சுன்னா என்ன கலந்து கொடுத்தாலும் வேலைக்காகாது. இது இப்படி இருக்கணும்னா ஃபேன் ஓடணும், குடிநீர் முனை சொட்டக்கூடாது, குஞ்சை நெருக்கி விடக்கூடாது, ஒரு தொகுதி போன பிறகு கொட்டகை காயணும். இதுக்கெல்லாம் எவ்வளவு ஆகும்னு கம்பெனிகிட்ட கேட்டுச் சொல்லு."

பல்கலைக்கழக ஆய்வுகளை இத்தனை வருடம் படித்த எனக்கு, இவ்வளவு தெளிவாக வேறு யாரும் சொன்னதில்லை. ஆண்டிபயாட்டிக் அழுக்குக் கொட்டகையை மன்னித்துக்கொண்டிருந்தது. புளித்த சேர்மானம் எதையும் மன்னிக்காது. நல்ல கொட்டகையில் அது மருந்தின் இடத்தை நிரப்பும். மோசமான கொட்டகையில் தோற்றுப்போகும். தோற்றால் பண்ணைக்காரர் பழைய மருந்துக்கே திரும்புவார், இந்த முறை சிகிச்சை என்ற பெயரில். ஆகவே சேர்மானத்தை மட்டும் மாற்றிவிட்டு விளம்பரம் செய்கிற கம்பெனியை நான் நம்ப மாட்டேன். உண்மையாகவே நோய் வந்த கோழிக்குக் கால்நடை டாக்டர் பார்த்து மருந்து கொடுக்க வேண்டும் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. நோயில் துடிக்கும் கோழிக்கு மருந்தை மறுத்துவிட்டு மருந்தில்லாக் கோழி என்று விற்பது கொடுமை. அந்தத் தொகுதியைத் தனியாகப் பிரித்து, மருந்து உடம்பைவிட்டுப் போகும் நாள்வரை காத்திருந்து, சாதாரணக் கோழியாக விற்கலாம்.

இப்போது அந்த மிகச் சிறிது யாருக்கு எவ்வளவு என்று பார்ப்போம். கோழி வளர்ப்புச் செலவில் ஏறக்குறைய 70 சதவீதம் தீனிதான். ஒரு கிலோ எடைக்கு எத்தனை கிலோ தீனி தின்றது என்பதைத்தான் பண்ணைக்காரர்கள் எப்சிஆர் என்பார்கள். 1.6 என்றால், 2 கிலோ கோழி 3.2 கிலோ தின்றிருக்கிறது. மருந்தை எடுத்ததால் அது 1.62 ஆனது என்று வைத்துக்கொள்வோம். கோழிக்கு 40 கிராம் தீனி கூடுதல். கிலோ இரண்டரை ரிங்கிட் என்று போட்டாலும் 10 சென். கோழி வாங்குகிற நமக்கு 10 சென் ஒன்றுமே இல்லை. 2022-ல் கோழி ஏற்றுமதியை நிறுத்தி, விலை உச்சவரம்பைக் கிலோவுக்கு 9.40 ரிங்கிட்டுக்கு உயர்த்திய நாள்களை நாம் பார்த்திருக்கிறோம்; 2023 நவம்பர் 1-ல் கட்டுப்பாடு எடுத்த பிறகு வாரத்துக்கு வாரம் விலை ஆடுவதையும் பார்க்கிறோம். அதன் நடுவில் 10 சென் யார் கண்ணிலும் படாது.

இருபதாயிரம் கோழி வளர்க்கிறவருக்கு அதே கணக்கு 800 கிலோ தீனி. 2,000 ரிங்கிட். ஒவ்வொரு தொகுதிக்கும். ஒப்பந்தப் பண்ணையில் எப்சிஆர் கூடினால் வளர்ப்புக்கூலி குறையும். கொட்டகையைச் சீர்செய்த செலவும் அவர் தலையில், தீனி கூடுதலாகத் தின்ற தண்டனையும் அவர் தலையில். நல்ல கோழி என்ற பெயரும் அதற்குக் கூடுதல் விலையும் கம்பெனிக்கும் கடைக்கும். இப்படி வைத்துவிட்டு, பண்ணைக்காரர்கள் மருந்தை விட மறுக்கிறார்கள் என்று குறை சொல்வது நியாயமாகுமா? சாற்றின் விலையைப் பற்றியும் பயப்பட ஒன்றுமில்லை. 0.3 சதவீதம் என்றால் ஒரு டன் தீனிக்கு 3 லிட்டர். அந்த இருபதாயிரம் கோழி தின்கிற 64 டன்னுக்கு 192 லிட்டர், ஒரு பெரிய பீப்பாய். உள்ளூர்க் கிருமி, உள்ளூர்ச் சர்க்கரைப் பாகு, உள்ளூர் ஆய்வகம். இதைச் செய்ய முடியாத நாடு இல்லை நாம். ஆளுக்கு வருடத்துக்குச் சுமார் 50 கிலோ கோழி தின்கிற நாடு. உலகிலேயே அதிகம் தின்கிறவர்களில் நாமும் இருக்கிறோம். செர்டாங்கில் கண்டுபிடித்தது நம் பண்ணைகளுக்கு மூட்டையாக வந்து சேர வேண்டும் என்று கேட்க இதைவிட என்ன உரிமை வேண்டும்?

கால்நடைத் துறையின் மைகேப் சான்றிதழ் பண்ணைகளுக்கு இருக்கிறது. அதில் கொட்டகை, தண்ணீர், மருந்துக் கணக்கு எல்லாம் பார்க்கிறார்கள். ஒப்பந்தத்தில் யார் எந்தச் செலவை ஏற்கிறார்கள் என்பதையும் அதே மாதிரி யாராவது எழுதி வாங்க வேண்டும். மருந்தில்லாத் தீனி கொடுக்கும் கம்பெனி, அந்தத் தொகுதிக்கு எப்சிஆர் அளவுகோலைத் தளர்த்த வேண்டும்; குஞ்சுகளின் நெரிசலைக் குறைத்தால் குறைந்த எண்ணிக்கைக்கு ஏற்றபடி கூலியைக் கூட்ட வேண்டும். இரண்டும் கம்பெனி நினைத்தால் ஒரே நாளில் செய்யக்கூடியவை.

அண்ணனின் ஒப்பந்தம் இந்த ஆண்டு புதுப்பிக்க வருகிறது. மூட்டையில் உள்ள சேர்மானப் பட்டியல் பெயரோடு வேண்டும், மருந்தில்லாத் தொகுதிக்குக் கணக்கைத் தனியாகப் போட வேண்டும் என்று இரண்டு கோரிக்கைகளை எழுத்தில் கொடுக்கப் போகிறார். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் சிலரும் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கடிதத்தை மலாய் மொழியில் எழுதித் தரும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார், பாதி எழுதிவிட்டேன்.